உளுவுக்கு ஒரு நிகண்டு

தமிழ் படிப்பிக்கும் ஒருவன் மரந்துளைக்கும் வண்டுகளைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் சிலர் புன்முறுவல் செய்வர் என்பதை யான் அறிவேன். எம் கல்லூரியில் உடனாசிரியர் ஒருவர், "பண்டிதருக்குச் சந்தி இலக்கணம் அலுத்துவிட்டது, சந்து பொந்துகளை ஆராயத் தொடங்கிவிட்டார்" என்று நகையாடினார். நகையாடுதல் அவருக்கு எளிது. அவர் வீட்டில் ஏட்டுச் சுவடி இல்லை.

எந்தையார் எனக்கு வைத்துச் சென்ற செல்வம் இருபத்தேழு சுவடிக் கட்டுக்கள். பெரும்பாலன வைத்தியமும் சோதிடமும், சில இலக்கணம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இரவோடிரவாக நடந்தபோது, தந்தையார் உடுபுடைவைகளை விட்டுவிட்டு இச்சுவடிகளை உரப்பை ஒன்றில் இட்டுத் துவிச்சக்கர வண்டியிற் கட்டினார். மீண்டு வந்து பார்த்தபோது வீட்டிற் பழைய பலாமரப் பெட்டகம் இருக்கவில்லை. அன்று தொட்டு அவை ஒரு தகரப் பெட்டியிற் கிடந்தன. மூன்றாண்டுகளுக்கு முன், தகரம் துருவேறியது கண்டு, சுவடிக்கு மரப்பெட்டியே அழகு என்று எண்ணி, மாம்பலகையாற் புதுப் பெட்டி ஒன்று செய்வித்தேன். அந்த அழகுணர்ச்சிக்கு யான் கொடுத்த விலையே இக்கட்டுரைக்கு முதல்.

பெட்டி வந்து ஓராண்டு செல்லுமுன் அதன் அடியில் வெண்மா கொட்டத் தொடங்கிற்று. காலையிற் கூட்டினால் மாலையில் மீண்டும் ஒரு சிறு கும்பம். மனைவியார் "உளுத்துக் கொட்டுது" என்றார். அயலார் "கறையான்" என்றனர். பூச்சிகளை ஒழித்துத் தருவதாக விளம்பரஞ் செய்யும் ஒரு நிறுவனத்தாரை அழைத்தேன். வந்தவர் மாவைக் குனிந்தும் பாராமல், "கறையான்தான் ஐயா" என்று தீர்ப்புக் கூறி, சுவரோரமாக நிலத்திலே துளையிட்டு மருந்தை ஊற்றி, என் மாதச் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கைப் பெற்றுச் சென்றார். மா கொட்டுதல் நிற்கவில்லை. மாரி தொடங்கியபின் ஒருநாள் பெட்டியைத் திறந்து கட்டுக்களை அவிழ்த்தபோது, வைத்தியச் சுவடி ஒன்றில் குண்டூசித் தலையளவான வட்டத் துளை ஒன்று பதினோரு ஏடுகளை ஊடுருவிச் சென்றிருக்கக் கண்டேன். பதினோரு ஏட்டிலும் ஒரே இடம். ஏட்டுக்கு ஓரெழுத்துப் போயிற்று. ஓரிடத்திற் போனது மருந்துச் சரக்கின் நிறையைக் குறிக்கும் எண். சொல்லின் எழுத்துப் போனால் யாப்புங் கருத்துங் கொண்டு ஊகித்து நிரப்பலாம். மருந்தின் அளவை ஊகித்து நிரப்ப எந்த இலக்கணமும் இடந்தராது.

என் பழைய மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றவர். அவரை அழைத்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி என்னைத் தலைகுனியச் செய்தது.

"மாவைத் தொட்டுப் பாத்தீங்களோ ஐயா?"

"இல்லைத் தம்பி."

"கறையான் மாக் கொட்டாது ஐயா. அது மண்ணல்லோ பூசும்."

அவர் சொல்லியபடி மாவை இருவிரலிடையே தேய்த்துப் பார்த்தேன். முகத்துக்கிடும் பவுடர்போல நொய்மையாக இருந்தது. ஒரு பரல்கூடத் தட்டுப்படவில்லை. அவர் வெள்ளைத் தாளை விரித்துப் பெட்டியைத் தட்டினார். அரிசிமணியிற் பாதியளவான செம்பழுப்பு வண்டுகள் இரண்டு விழுந்தன. கைவில்லையால் நோக்கும்படி தந்தார். வண்டை மேலிருந்து பார்க்கத் தலை தெளிவாகத் தெரிந்தது. உணர்கொம்பின் நுனியில் இரண்டு கணுக்கள் மட்டும் தடித்துக் கதைபோல நின்றன. "லிக்றஸ் கூட்டம்" என்றார். பின்னர்ச் சுவடியிலிருந்து உதிர்ந்த தூளையும் அதனுட் கிடந்த செத்த வண்டையும் நோக்கினோம். அத்தூள் சற்றே பரலாக இருந்தது. வண்டு முன்னதினுஞ் சிறியது, உருளை வடிவானது, முக்காடிட்டாற்போல அதன் தலை மார்போட்டினுள் மறைந்திருந்தது. அது அனோபியிட் எனப்படும் வேறொரு குடும்பம். இந்திய நூலகங்களில் ஏட்டையும் தாளையும் துளைப்பதற்குப் பேர்போன காஸ்ராலஸ் இண்டிக்கஸ் இக்குடும்பத்தது. ஆகவே என் வீட்டிற் பகைவர் இருவர்: பெட்டியைத் தின்றவர் ஒருவர், சுவடியைத் தின்றவர் மற்றொருவர். இருவரும் நிலத்தைத் தீண்டாதவர். யான் காசு கொடுத்து மருந்தூற்றுவித்ததோ நிலத்தில்.

பிழை எங்கே நேர்ந்தது? மருந்தில் அன்று, பெயரில். நோயை இன்னதென்று துணிந்த பின்னரே மருந்து என்பது நம் வைத்தியர்க்கு முதற்பாடம். மரத்துக்கு மட்டும் அப்பாடத்தை நாம் மறந்துவிட்டோம். உளுத்தது என்றால் உளுத்தது. அதற்குமேல் வினா இல்லை. யான் சொல்ல வந்தது இதுவே: மரந்துளைக்கும் வண்டுகளை இனங்கண்டறிதற்குத் தமிழில் ஒரு கருவிநூல் வேண்டும், அதனை ஆக்குதலிற் பூச்சியியலாரோடு தமிழாசிரியர்க்கும் பங்குண்டு, இதனை வேற்றுத்துறை வேலையென ஒதுக்குதல் நமக்கு நட்டம்.

பொதுமகன் ஒருவன் கண்ணாலுங் கையாலும் எவ்வளவு அறியலாம் என்பதை முதலிற் சொல்லுதல் நன்று. அஃது யான் எண்ணியதினும் அதிகம். கறையான் மரத்தைத் தின்ற இடத்தில் மண்ணும் மண்பூச்சுங் கிடக்கும். ஆனால் நிலத்தொடர்பின்றி உலர்ந்த மரத்தினுள்ளேயே குடியிருக்குங் கறையானும் உண்டு. அது மண் பூசாது, மாவுங் கொட்டாது, கசகசா விதைபோன்ற பரல்களைத் தள்ளும். கைவில்லையின் கீழ் ஒவ்வொரு பரலும் ஆறு பட்டையுடையதாய்த் தோன்றும். (என் மாணவரின் கூற்று இவ்வகைக் கறையானுக்கும் பொருந்தும், மண் பூசும் என்ற பகுதி மட்டும் பொருந்தாது. ஆசிரியன் ஆதலின் திருத்தாமல் விட இயலவில்லை.) லிக்றஸ் கூட்டத்தின் மா நொய்யது, அதன் துளை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலமான வட்டம். அதன் உறவான பொஸ்ற்றிக்கிட் குடும்பத்து வண்டுகளில் தலை முக்காட்டினுள் மறைந்திருக்கும். முக்காட்டின் முன்புறம் அரம்போலச் சொரசொரக்கும். உணர்கொம்பின் நுனியிற் பெரும்பாலும் மூன்று கணுக்கள் தடித்திருக்கும். மூங்கிற் கூடை, மூங்கிற் தட்டி ஆகியவற்றை மாவாக்கும் டைனோடெறஸ் இக்குடும்பத்தது. நெடுங்கொம்பு வண்டுகளின் துளையோ நீள்வட்டம். சுண்டுவிரல் நுனி புகுமளவுக்கும் இருக்கலாம். அங்கே மாவன்று, நாரும் சிராயுமாகத் தூள் அடைந்து கிடக்கும். உயிருள்ள மாமரத்தின் அடித்தண்டைக் குடைந்து ஆண்டுக்கணக்காகக் காய்த்த மரத்தையும் வீழ்த்தும் பற்றொசெறா றூபோமாக்குலேற்றா இவ்வினத்தது. மாந்தோட்டமுடைய நம்மவர் அதன் புழுவைப் பார்த்திருப்பர். செம்புள்ளியிட்ட சாம்பல்நிற வண்டையும் பார்த்திருப்பர். இரண்டும் ஒன்றே என்று அறிந்தவர் சிலர். சிறுபராயத்தில் நெருப்புப் பெட்டியில் அடைத்து வளர்த்த பொன்வண்டு இருக்கிறதே, அதன் குடும்பத்தவரும் பலர் இளம்பருவத்தில் மரந்துளைப்பவரே. அவர் வெளியேறுந் துளை பெரும்பாலும் தட்டையானது. சிலவற்றில் ஒருபுறம் நேராகவும் மறுபுறம் வளைவாகவும் பிறைபோல இருக்கும்.

இன்னுமொன்று. துளையின் உட்சுவர் கரியேறியிருந்து, தூளுங் கிடையாதாயின், அது பச்சைமரத்திலே பங்கசு என்னும் பூஞ்சணத்தை வளர்த்து உண்ணும் வண்டின் வேலை. மரம் உலர்ந்ததும் பூஞ்சணம் அழியும்; வண்டும் ஒழியும். அத்தகைய துளையுள்ள பழைய கதிரைக்கு மருந்தடிப்பவன், இறந்தவனுக்குக் கசாயம் கொடுப்பவன். இவ்வொரு குறிப்பை அறிந்தமையாலேயே சென்ற ஆவணியில் எம் கல்லூரி வாங்குப்பலகை ஆறினைத் தீயிலிடாமற் காத்தோம்.

நிற்க. இக்குறிகளையெல்லாம் தமிழில் எழுதிவிட்டேன். பெயர்களை எழுதும்போது இடறிற்று. வாசகர் கவனித்திருப்பர். இடறலுக்குக் காரணம் நம் மொழியின் வறுமை என்று சிலர் கூறுவர். யான் அங்ஙனம் கருதவில்லை. பெயர்கள் உண்டு, அவை இடம்மாறிக் கிடக்கின்றன.

'வண்டு' என்பதையே எடுத்துக்கொள்வோம். நிகண்டு கற்ற மாணவன் சுரும்பு, தும்பி, மிஞிறு, அளி, மதுகரம், அறுபதம் என்று அடுக்குவான். புலவர் பாடிய வண்டு மலரில் தேன் உண்ணும். ஆகவே அது தேனீயின் சுற்றம். இன்று நாம் வண்டென்பது ஓடுபோன்ற முன்சிறகுடைய வேறொரு வகுப்பை. தும்பியோ இன்று பலர் வாயில் தட்டான்பூச்சியாகிவிட்டது. இம்மயக்கம் ஏட்டோடு நிற்கவில்லை. வீட்டு வளையிலும் மூங்கிலிலும் விரல் நுழையுமளவு வட்டத் துளையிட்டு ரீங்காரஞ் செய்யும் கருவண்டு, பூச்சியியலார் கணக்கில் வண்டன்று, தச்சுத்தேனீ. புலவர் கணக்கில் அதுவே வண்டு. அது மரத்தைத் துளைப்பது முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்தற்கு, மரத்தை உண்பதில்லை. "மரந்துளைக்கும் வண்டு" என்று ஒரு கையேட்டிற் பொதுப்பட எழுதினால் வாசிப்பவன் முதலில் நினைப்பது இதனையே. பூசணிக்கும் மிளகாய்க்கும் மகரந்தஞ் சேர்க்கும் உயிரை அவன் கொல்வான்.

'இராமபாணம்' என்னும் சொல் இன்னுஞ் சுவையானது. ஏட்டுச்சுவடி அழிவைப் பற்றிப் பேசிய முன்னோர் பலரும் இப்பெயரை வழங்கினர். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்தில், ஏடுகள் இருந்த நிலைக்கு வருந்தி எழுதியதில் இப்பூச்சியின் வேலையும் இடம்பெற்றுள்ளது. இக்காலத்து அகராதியும் கலைக்களஞ்சியமும் பார்ப்போர் இராமபாணம் என்பது வெள்ளிநிறமாய்ச் சிறகின்றி ஓடும் புத்தகப் பூச்சி என்று காண்பர். அப்பூச்சி தாளின் மேற்பரப்பை மேய்வது, துளைத்து ஊடுருவுவதில்லை. இராமன் அம்பு ஏழு மராமரத்தையும் ஊடுருவிற்றென்ற கதையை அறிந்தே நம்மவர் இப்பெயரை இட்டிருப்பர். பதினோரு ஏட்டை ஒரே நேர்கோட்டில் ஊடுருவிய துளையைக் கண்டவனுக்கு ஐயமே எழாது. அப்பெயர் துளைக்கும் வண்டின் புழுவுக்கு உரியது என்பதே என் துணிபு. முன்னோர் இட்ட பெயரே ஓர் அடையாளக் குறிப்பு; அதனை வேறு பூச்சிக்குக் கொடுத்தமையால் குறிப்பை இழந்தோம்.

மரத்தைப் பற்றிய அறிவும் அவ்வாறே. தொல்காப்பியர் மரபியலில் புறத்தே காழுடையனவற்றைப் புல் என்றும் அகத்தே காழுடையனவற்றை மரம் என்றும் பகுத்தார். தேர்வுக்காக நெட்டுருப்பண்ணி மறந்துவிடும் இப்பகுப்பு, வண்டை அறிவதற்கு வாசற்படி. லிக்றஸ் கூட்டம் தேடுவது மரத்திலுள்ள மாச்சத்தை. அஃது இருப்பது வெளிறில், வைரத்தில் அன்று. அகக்காழுடைய மரத்தில் வெளிறு வெளிப்புறத்தது; ஆகவே பலகையின் எப்பக்கம் மா கொட்டுகிறதென்று பார்த்தால் வண்டின் கூட்டத்தை ஊகிக்கலாம். வைரம் நன்கு பற்றாத மாம்பலகையோ முழுவதும் வெளிறு. அதற்குச் சோற்றுப்பானையைத் திறந்து வைத்தாற்போல. பனையின் நிலை தலைகீழ்: வைரம் புறத்தே, சோறு அகத்தே. பனஞ்சலாகையிற் சோற்றி நீக்கி வைரத்தை மட்டும் எடுக்குந் தச்சனுக்குத் தொல்காப்பியந் தெரியாதிருக்கலாம். புறக்காழ் இன்னதென்று தெரியும். மூங்கிலை வெட்டி நீரில் ஊறப்போடும் பழக்கமும் மாச்சத்தைக் கரைத்து நீக்குவதே. தொல்காப்பியர் சிதலை மூவறிவுயிரென்றும் தும்பியை நாலறிவுயிரென்றும் வேறு பிரித்தார். உளுவை அந்நூற்பாக்களில் எண்ணவில்லை. அக்குறையை நிரப்பும் உரிமை நமக்குண்டு.

இது ஒரு பண்டிதனின் ஏட்டுப் பெட்டிக்குள் அடங்கும் காரியம் என்று எவரும் நினையாதிருக்க, நம் நாட்டு மலைப்பகுதிக்குச் செல்வோம். தேயிலைச் செடியின் தண்டில் இரண்டு மில்லிமீற்றர் நீளமேயுடைய கரிய வண்டு ஒன்று துளையிட்டுச் சென்று, தான் கொணர்ந்த பூஞ்சணத்தை அங்கே பயிரிட்டு, அதனை உண்டு குஞ்சு பொரிக்கும். மரத்தை அது தின்பதில்லை. குடைந்த தண்டோ கொழுந்து பறிப்பவரின் மேல் பட்ட அளவிலே முறியும். இடைமலையிலும் தாழ்நிலத்திலும் இலங்கைத் தேயிலைக்கு நூறாண்டுக்கு மேலாக இஃது ஒரு பெரும் பகை. தேயிலைப் பூச்சிகளைப் பற்றி ஈ. ஈ. கிறீன் 1890இலேயே கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். இவ்வண்டின் பூஞ்சணத்தை காட், லூஸ் என்னும் இருவர் இங்கே ஆராய்ந்து 1947இற் பெயரிட்டனர். வண்டுக்குப் பெயரிட்டவர் ஐக்கொவ் என்னும் ஜேர்மானியர். இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1868இல் அவர் இட்ட பெயர் சைலெபோறஸ் ஃபோர்னிக்கேற்றஸ். வில்வளைவுடையது என்பது இலத்தீன் பொருள். பிற்காலத்தார் அதனை யுவாலேசியா என்னுங் குலத்திற் சேர்த்தனர்.

2003ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு வண்டு காணப்பட்டது. உருவம் ஒத்ததால் இலங்கைத் தேயிலை வண்டென்றே எழுதி வைத்தனர். தேயிலை இல்லாத நாட்டில் தேயிலை வண்டு என்ன செய்யும்? சில ஆண்டுகளில் அது வீதியோர மரங்களை வாட்டத் தொடங்கிற்று. 2012இல் வெண்ணெய்ப் பழ மரங்களிலுங் கண்டனர். இசுரேலில் 2009இல், தென்னாபிரிக்காவிற் பத்தாண்டுகள் கழியுமுன், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 2021இல் என்று அது பரந்தது. மரபணுவை ஒப்பிட்டபோதே ஒரு பெயரின் கீழ் நான்கினங்கள் மறைந்து நின்றமை வெளிப்பட்டது. கைவில்லைக்கு அவை நான்கும் ஒன்றே. 2018இல் ஆய்வாளர் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் பகிர்ந்தனர். மறு ஆண்டிலே அப்பகிர்வு குலைந்தது. என்னை? தொலைந்துபோயிற்று என்று கருதப்பட்ட ஐக்கொவின் மூலமாதிரி அகப்பட்டுவிட்டது. அதனை அளந்து பார்க்க, அது தேயிலை வண்டன்று. உலகமெங்கும் மரங்களைக் கொல்லும் அந்த வண்டே என்று தெரிந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலை வண்டைக் குறித்து வழங்கிய பெயர் அதற்குரியதன்று. தேயிலை வண்டென்று இன்று சுட்டப்பெறுவது யுவாலேசியா பெர்பிரேவிஸ். 1923இல் இலங்கை மாதிரியைக் கொண்டு பெயரிடப்பெற்று மறக்கப்பட்டிருந்த ஃபோர்னிக்கேற்றியோர் என்னும் இனமும் மீண்டும் உயிர்பெற்றது.

ஏடு பார்த்துப் பதிப்பித்தலை அறிந்தவர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. மூல ஏடு கைக்கு வராமல், படிக்குப் படி பார்த்து அச்சிட்ட பாடத்தை நாமும் பல்லாண்டு ஓதியிருக்கிறோம். மூல ஏடு வந்தபின் உரையே மாறியதுண்டு. ஆனால் பாடபேதத்தால் மரம் சாவதில்லை. வண்டு எந்த நாட்டிலிருந்து வந்தது, அங்கே அதனைக் கொல்லும் இயற்கைப் பகை யாது, எந்த மரத்தை விட்டு எதனைத் தாக்கும் என்பன யாவும் பெயரைப் பற்றியே நிற்பன.

இனி, கருவிகள். ஆங்கிலம் அறிந்தவனுக்கு அவை பெருகிக் கிடக்கின்றன. இலங்கையையும் பர்மாவையும் உள்ளடக்கிய பிரித்தானிய இந்தியாவின் விலங்குத்தொகுதி வரிசையில் நெடுங்கொம்பு வண்டுகளைப் பற்றிக் கஹன் எழுதிய தொகுதி 1906இல் வந்தது. காட்டு வண்டுகளைப் பற்றி ஸ்ரெபிங் 1914இல் ஒரு பெருநூல் ஆக்கினார். 1941இல் டெஹ்றாடூனிலிருந்து வந்த பீசனின் நூல், எந்த மரத்தை எந்த வண்டு எவ்வாறு தாக்கும் என்று மரத்திலிருந்து வண்டுக்குச் செல்லும் வழியைக் காட்டுவது. இன்றும் அதற்கு ஈடானது அரிது என்று என் மாணவர் கூறுகிறார். கஹனின் தொகுதியை இன்று எவரும் கணினியிற் காசின்றிப் படிக்கலாம். இந்நூல்களில் யான் வியந்தது அவற்றின் இணைக்கவர்ச் சுட்டி என்னும் முறை. ஒவ்வொரு படியிலும் இரண்டே வினா: தலை மேலிருந்து தெரிகிறதா, மறைந்ததா? கணுக்கள் இரண்டு தடித்தனவா, மூன்றா? ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளி இறங்கினால் கடைசியிற் பெயர் நிற்கும். சொல்லைக் கண்டதும் பெயரா வினையா, பகுபதமா பகாப்பதமா என்று கேட்டுக் கேட்டு இறங்கும் நன்னூல் மாணவனுக்கு இது பழகிய பாதை. ஆங்கில நூல் அவனுக்கு அச்சந்தருவது அதன் முறையால் அன்று, மொழியால்.

கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினால் பெயர் சொல்லும் ஐநச்சுரலிஸ்ற் போன்ற ஏற்பாடுகள் இருக்க நூல் எதற்கு என்று இளைஞர் கேட்பர். யானும் அனுப்பிப் பார்த்தேன். மாமரத்து நெடுங்கொம்பனை அது நொடியிற் சொல்லிவிட்டது, மெச்சினேன். என் பெட்டி வண்டைக் காட்டியபோது ஒவ்வொரு படத்துக்கு ஒவ்வொரு பெயர் சொல்லிற்று. குற்றம் கருவியிலன்று. மூன்று மில்லிமீற்றர் உயிரின் கொம்பு நுனி என் படத்தில் விழவில்லை. எதைப் படம்பிடிக்க வேண்டும் என்று அறிவதற்கே ஒரு நூல் வேண்டியிருக்கிறது. வண்டு வெளிவராமல் துளையும் மாவும் மட்டும் கிடைக்கும் வீட்டில் அக்கருவி ஒன்றுஞ் செய்யாது.

மற்றொரு சாரார் தனித்தமிழன்பர். நூல் எழுதப் புகுந்தால் அவர் முதலிற் செய்வது இலத்தீன் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச்சொல் ஆக்குதல். அன்பு கூர்ந்து அதனைப் பின்னுக்கு வைக்கும்படி வேண்டுவேன். ஒரு காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகள் வெளியிட்டு, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க நமக்கு வழி திறந்தது, அந்நன்றி மறவேன். ஆயினும் ஐந்து குடும்பத்து வண்டுகளையும் "துளைப்பான்" என்று ஒரே சொல்லால் அழைக்கும் தமிழாக்கம், வந்தவர் "கறையான்தான் ஐயா" என்றதற்கு எவ்வகையில் மேல்? இலத்தீன் பெயர் தமிழெழுத்தில் நிற்கட்டும். அதனருகே தச்சர் வாயில், தோட்டத் தொழிலாளர் வாயில், தென்னந்தோட்டக்காரர் வாயில் வழங்கும் பெயர் எந்த ஊரில் வழங்குவதென்ற குறிப்போடு நிற்கட்டும். இவற்றைத் தேடித் தொகுத்தலே தமிழாசிரியன் வேலை. தேயிலைத் தண்டிலுள்ள துளையை நாட்டில் முதலிற் காணுங் கண் கொழுந்து பறிக்குந் தாயின் கண். அவள் பேசுவது தமிழ். அவள் அத்துளையை என்ன சொல்லி அழைக்கிறாள் என்று கேட்டறிந்த பண்டிதர் நம்முள் எத்தனைபேர்? யானும் கேட்டதில்லை. வருகிற விடுமுறையில் அதற்கெனவே அட்டன் செல்ல எண்ணியிருக்கிறேன்.

நூல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. துளைகளை அவற்றின் மெய்யளவிலேயே அச்சிட்ட ஒரு பக்கம். அதன்மேல் மரத்தை வைத்து ஒப்பிடலாம். தூள்களின் படம் ஒரு பக்கம். பின்னர் இணைக்கவர்ச் சுட்டி. வீட்டு மரத்துக்கும் மாமரத்துக்கும் தேயிலைக்கும் ஏட்டுக்கும் வருகின்ற இருபது இனங்கள் முதற்பதிப்புக்குச் சாலும். எந்நிலையில் நூலை மூடிவிட்டு விலங்கியல் அறிந்தாரிடம் வண்டைச் சாராயக் குப்பியில் இட்டுக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அது சொல்ல வேண்டும். தேயிலை வண்டின் கதை காட்டியபடி, கண்ணுக்கு எல்லையுண்டு.

என் சுவடிகளின் கதை முடிந்தபாடில்லை. மாணவரின் சொற்படி அவற்றைக் காற்றுப் புகாத பையிற் கட்டி, பழக்கமான ஒரு மீன் வியாபாரியின் உறைபெட்டியிற் பல நாள் வைத்து எடுத்தேன். வசம்பும் வேப்பிலையும் வைக்கும் வழக்கத்தை விடவில்லை. ஆனால் ஏட்டினுள் ஏற்கெனவே இருக்கும் புழுவை அவை கொல்லா என்று இப்போது அறிவேன். மாம்பெட்டி விறகாயிற்று.

வகுப்பறை அலுமாரியில் மாணவர் கொணர்ந்த தூட்குப்பிகள் பதினாறு இருக்கின்றன. எவ்வூர், எம்மரம், தூள் எப்படிப்பட்டது, வீட்டுப் பெரியோர் அதனை என்ன பெயரால் அழைத்தனர் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறோம். பன்னிரண்டுக்குப் பெயர் கண்டோம். மூன்று கறையான். பதினாறாவது குப்பியைக் கொணர்ந்த பிள்ளை நெடுந்தீவைச் சேர்ந்தவள், பூவரசங் கட்டிற்கால். தூள் பரலாக இருக்கிறது, துளை நீள்வட்டம், வண்டு இன்னும் வெளிவரவில்லை. கட்டிற்காலை ஒரு போத்தலினுள் நிறுத்தி வாயைச் சீலையாற் கட்டி வைத்திருக்கிறாள். நாள்தோறும் முதலாம் பாடம் தொடங்குமுன் அதனைப் போய்ப் பார்க்கிறோம்.